முக்கால் காலி

பில்புத்தகத்தில் இரண்டே கட்டம்.
நிறை. காலி.
டிக் போடாமல் பேனா நிற்கிறது.

லீ பஜார் பின்சந்தில் எங்கள் ஷெட்.
வாசலில் பதினோரு நீலப் பேரல்கள்,
குகையிலிருந்து குட்டியானையில் வந்திறங்கியவை,
மூடியோரம் வெள்ளையாகப் பொரிந்து.
கொலுசுப் பட்டறையில்
வெள்ளியைக் கரைத்துக் கொடுத்த திராவகம்
தீர்ந்தது போக
அடியில் நாலு விரல்கடை மிச்சம்.
ராணிப்பேட்டைக்குத் திரும்பணும்.

"காலின்னு எழுதும்மா.
வந்தப்ப முழு வாடகை, போறப்ப பாதி.
ஊர் வழக்கம் அதுதானே" என்கிறார் துவாரகநாதன்.
ஜவ்வரிசி மூட்டை போகிற வண்டியிலேயே
ஒரு மூலையில் சொருகிவிடச் சொல்கிறார்.
"சும்மா டப்பாதானே."

மாதப்பனைக் கூப்பிட்டேன்.
ஒன்றைச் சாய்த்தான், ஒரு சாண்தான்.
உள்ளே ஏதோ
தூக்கத்தில் புரண்டு படுத்தது.
நிமிர்த்தி வைத்துவிட்டுக்
கையை லுங்கியில் துடைத்தான்,
கையில் ஒன்றும் படாதபோதும்.

நிறைந்த பேரல் சொன்னபடி கேட்கும் என்பார் இருசப்பன்,
பத்தொன்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்.
பிரேக் போட்டால் கூடவே நிற்கும்.
அரைகுறைதான்
நாம் நின்ற பிறகும் போய்க்கொண்டிருக்கும்.

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்
காலண்டர் தாளின் பின்பக்கம்
என் கையெழுத்தில் விதி, நாலு வரி.
கழுவாதவரை காலி இல்லை.
மூடி இறுகியிருக்கணும்.
ஸ்டிக்கரைக் கிழிக்காதே, மறைக்காதே.
திங்கிற பொருளோடும் சாக்கோடும் ஏற்றாதே.
எவ்வளவு மிச்சம் என்று
நாலில் எதுவும் கேட்பதில்லை.
ஒரு மடக்கு கிடந்தாலும்
அதன் பேர் அதன் பேர்தான்.

'நிறை'யில் டிக் போட்டேன்.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
மிச்சத்தோடு திரும்பும் பேரல் 11,
கடைசியாக இருந்தது நைட்ரிக் அமிலம்.
தனி வண்டி.
துவாரகநாதன் பார்த்த பார்வையில்
மீதிப் பாதி வாடகை இருந்தது.

ராத்திரி ஒன்றேகால். இருசப்பன் போன்.
தொப்பூர் ஏற்றத்தில் கயிறு அறுந்து
ஒன்று உருண்டுவிட்டதாம்.
மூடி கழலவில்லை, பயப்படாதீங்க என்றார்,
மூச்சு வாங்க.
ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து,
டார்ச்சோடு இறங்கிப் போவதற்குள்
பஞ்சர் கடைக்காரரும் அவர் சம்சாரமும்
பேரலை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.
தண்ணீர் பிடிக்க ஆகுமே என்று.
மூடி திறக்க ஸ்பேனர் வரைக்கும் வந்துவிட்டது.
அந்தம்மாதான்
செல்போன் வெளிச்சத்தை ஸ்டிக்கரில் அடித்திருக்கிறார்.
ஒரு கை. மேலே சொட்டுகிற குழாய்.
சொட்டு விழுந்த இடத்தில் கை குறைந்திருக்கிறது.
அந்தம்மாவுக்கு எழுத்து தெரியாதாம்.
புருஷன் கையிலிருந்த ஸ்பேனரைத்
தட்டிவிட்டாராம்.

மாசம் ஒன்றாகிறது.
அந்தப் பில்லில் பாதிப் பணம் இன்னும் வரவில்லை.
துவாரகநாதன் இப்போது வேறு ஷெட்டுக்குப் போகிறார்.
அங்கே கேட்டதும்
காலி என்று எழுதித் தருகிறார்களாம்.
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை,
என் மேஜையைத் தாண்டும்போது மட்டும்
கொஞ்சம் இருமுகிறார்.

இன்று எங்கள் தெருவில் மேட்டூர்த் தண்ணீர் விடும் நாள்.
விடியுமுன் எழுந்து
பாத்ரூமிலிருந்த நீலப் பேரலைக்
கழுவக் கவிழ்த்தேன்.
நால்ரோட்டில் நானூறு ரூபாய்க்கு வாங்கியது.
ஆறு வருஷமாகப் புழங்குகிறோம்,
குளிக்க, கொப்பளிக்க,
ஒரு கோடையில் குடிக்கவும்.
சுவரைப் பார்த்தே இருந்த பக்கம் அது.
பாசிக்கு நடுவே
முனையில் நிற்கும் சதுரமாக
ஒரு பசைத் தடம்.

நகத்தால் சுரண்டினேன்.
என்ன படம் இருந்தது என்று
பசைக்குத் தெரியவில்லை.
வெளியே குழாய் காற்றைத் துப்ப ஆரம்பித்தது.
பக்கத்து வீட்டில்
குடங்கள் வரிசைக்கு வந்துவிட்டன.